கடைசியில் வெல்வது வீடுதான்

நடுவர் அவர்களே, சர்க்கரைப் பொங்கலையும் வடையையும் ஒரு கை பார்த்துவிட்டு இன்னமும் கண் மூடாமல் அமர்ந்திருக்கும் டாலஸ் வாழ் தமிழ் மக்களே, வணக்கம்.

வார இறுதிக்கு நிறைவு தருவது வீட்டைச் செப்பனிடும் வேலையா, அக்கம்பக்கத்தார் கூடும் கேசினோ இரவா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. கேசினோ இரவே என்று பேச ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கேட்டார்: "முன்வரிசையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், தெரியுமா?" தெரியும். அதனால் ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ரெட் ஆற்றைத் தாண்டி, ஓக்லஹோமாவின் தாக்கர்வில்லில் இருக்கும் வின்ஸ்டார் சூதாட்ட விடுதிக்கு இரவோடு இரவாகக் காரை விரட்டுகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. டெக்சாஸில் அப்படி வணிகக் கேசினோ நடத்த அனுமதி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை 35ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போகும் வண்டிகளின் கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். வேறு காரணம் சொல்பவர்களை நான் குறுக்கு விசாரணை செய்யப்போவதில்லை.

நான் பேசுவது நம் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், மடக்கு நாற்காலிகளைப் போட்டு, காகிதப் பணத்தில் ஆடும் ஓர் இரவைப் பற்றி. நுழைவுச் சீட்டு 25 டாலர். உள்ளே போனதும் கையில் ஒரு கட்டு பொய் நோட்டு தருவார்கள். அதை வண்ணச் சில்லுகளாக மாற்றிக்கொண்டு ஆட வேண்டும். முடிவில் மிஞ்சிய சில்லுகளுக்குக் குலுக்கல் சீட்டு கிடைக்கும். பணமாக ஒரு காசும் யார் வீட்டுக்கும் போகாது. ஒரு மனிதன் அங்கே அதிகபட்சமாக இழக்கக்கூடியது 25 டாலர். நடுவர் அவர்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே தருமனை இழுத்துக்கொண்டு வந்தார். நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், பாஞ்சாலியையும் வைத்தான், பார்த்தீர்களா சூதின் கேட்டை என்று கேட்டார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் கதையைப் பாதியிலிருந்து தொடங்குவது நியாயமா? சூதாட்ட மண்டபத்துக்கு முன்னால் வேறொரு மண்டபம் இருக்கிறதே! இந்திரப்பிரஸ்தத்தில் மயன் கட்டிக் கொடுத்த மண்டபம். எது பளிங்கு, எது தண்ணீர் என்று தெரியாத அளவுக்கு வேலைப்பாடு. துரியோதனன் விருந்தாளியாக வந்தான். தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கிப் பிடித்து நடந்தான். தண்ணீரைத் தரை என்று எண்ணித் தொப்பென்று விழுந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும், அந்த மண்டபத்தின் மேல் வந்த பொறாமையையும் சுமந்துகொண்டு போய்த்தான் அவன் சகுனியிடம் புலம்பினான். தாயக்கட்டை அப்புறம் வந்தது. நடுவர் அவர்களே, பாரதப் போருக்கு வித்து எது? புதிதாகப் போட்ட தரை!

நடுவர் சிரிக்கிறார். சிரிப்பு போதாது, மதிப்பெண்ணாகப் போடுங்கள்.

அடுத்து வந்தவர் வள்ளுவரை அழைத்தார். 94ஆம் அதிகாரம், பத்துக் குறளும் சூதுக்கு எதிராக. என் அணிக்குப் பேச வாயே இல்லை என்று நினைத்தார். ஐயா, அந்த அதிகாரத்தை நான் வேறொரு நாளில், வேறொரு நிலையில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக் கழிப்பறைத் தரையில் முழங்கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்த நாள் அது.

நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வரவேற்பறையில் ஒரு பலகைத் தட்டு மாட்டினேன். நேராக நின்றது. விழவில்லை. என் மனைவி இரண்டு முறை அதைப் பார்த்து, "நன்றாக இருக்கிறதே" என்றார். தூண்டிற்பொன் என்று வள்ளுவர் சொன்னாரே, தூண்டில் முள்ளை இரையென்று மீன் விழுங்குவதைப் போல என்று, அந்த முள் அன்றைக்குத்தான் என் தொண்டைக்குள் இறங்கியது. அதன்பிறகு வீட்டில் எது பழுதானாலும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

போன ஆண்டு விருந்தினர் கழிப்பறையில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் அடியில் கிடக்கும் ரப்பர் மூடி, பிளாப்பர் என்பார்கள், அது தளர்ந்துவிட்டது. கடையில் பத்து டாலருக்குள் கிடைக்கிறது. காணொளியில் ஒருவர் நான்கே நிமிடத்தில் மாற்றிக் காட்டினார், சட்டை கசங்காமல். நான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். தண்ணீரை அடைப்பதற்காகச் சுவரோரம் இருக்கும் சிறிய வால்வைத் திருகினேன். வீடு கட்டிய நாள் முதல் யாரும் தொடாத வால்வு. முதலில் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அசைந்தது. அப்புறம் அடங்கவே இல்லை. அதன் தண்டைச் சுற்றி ஊசிபோலப் பீச்சிய தண்ணீர் நேராக என் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

புது வால்வு வாங்கக் கடைக்கு ஓடினேன். மரை அளவு பொருந்தவில்லை. மறுபடி ஓடினேன். அளவு பொருந்தியது, இணைக்கும் குழாய் குட்டையாகிவிட்டது. மூன்றாவது முறை போனபோது கடைப் பையன் என்னைப் பார்த்துப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மாலை பிளம்பரை அழைத்தேன். விடுமுறைக் கட்டணம், வால்வு, ஈரம் ஊறிய சுவரின் அடிப்பகுதியை வெட்டிப் புதிதாக டிரைவால் என்ற சுவர்ப்பலகை வைத்தது எல்லாம் சேர்ந்து 640 டாலர். "ஒன்றெய்தி நூறிழக்கும்" என்று வள்ளுவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இப்போது சொல்லுங்கள். சூதாடினவனையா, பிளாப்பர் மாற்றினவனையா? 25 டாலரைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, நடுவர் அவர்களே, பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையில் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் எதிரணியில் ஒருவர் உருகினார். என் மகன் இரண்டு நாளும் டார்ச் பிடித்தான். அப்பா ஒருவர் வேலை செய்ய, பிள்ளை டார்ச் பிடித்த வீட்டில் வளர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாதி அரங்கம்! "இங்கே காட்டு என்றால் எங்கே காட்டுகிறாய்?" என்பதைத் தவிர அந்த வயதில் நீங்கள் கற்றுக்கொண்ட தொழில் என்ன?

கேசினோக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: யார் ஆடினாலும் கடைசியில் வெல்வது வீடுதான். ஆட்டம் நடத்தும் விடுதியைத்தான் அவர்கள் வீடு என்பார்கள். பந்து எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ரவுலட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள் இருக்கின்றன. 18 சிவப்பு, 18 கறுப்பு, பச்சையில் ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். சிவப்பில் 100 டாலர் வைத்துக்கொண்டே போனால் சராசரியில் ஒவ்வொரு நூறுக்கும் 5 டாலர் 26 சென்ட் அவர்களிடம் தங்கும். அநியாயம்தான். ஆனால் என்ன அநியாயம், எவ்வளவு அநியாயம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடிகிறது. சக்கரத்தை எட்டிப் பார்த்தாலே குழிகளை எண்ணிவிடலாம். என் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை வெட்டிப் பார்க்கும் வரை யாரும் எண்ண முடியாது. மரக்கடையில் இரண்டுக்கு நான்கு என்று ஒரு கட்டை விற்கிறார்கள். அளந்து பாருங்கள், ஒன்றரை அங்குலம், மூன்றரை அங்குலம். பெயரிலேயே அரை அங்குலம் குறைகிறது. சீட்டுக் கட்டில் 52 என்றால் 52தான், ஐயா.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். 2019 அக்டோபர். திருநெல்வேலியிலிருந்து என் அம்மா வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்த காலம். நம் ஊர்ப் பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கராஜ் கதவு எழும்பும், கார் உள்ளே போகும், கதவு இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் உயரமா குள்ளமா என்று தெரிவதற்கே ஒரு வருடம் ஆகும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்சல் வண்டிகளை எண்ணுவார். "தெருவில் மனிதர் நடமாட்டமே இல்லையே ஐயா, இங்கே யாருக்கும் யாரும் வேண்டாமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் கேசினோ இரவுக்கு அழைத்துப் போனேன். சூது என்று சொல்லவில்லை. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்துப் பரமபதம் ஆடுவோமே, அதுபோல என்று சொல்லிவைத்தேன்.

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் ஓர் இடம் இருந்தது. சீட்டுப் போட்டவர் எங்கள் எதிர்வீட்டு மெக்சிகோக்காரர். வாடகைக்கு எடுத்த கறுப்பு வெயிஸ்ட்கோட், பித்தான் மூடவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வியட்நாமியப் பாட்டி. மூவருக்கும் பொது மொழி கிடையாது. விதி எளிது. எண்களைக் கூட்டி 21ஐத் தாண்டாமல் நிற்க வேண்டும். சீட்டுப் போடுகிறவர் 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நின்றே ஆக வேண்டும். அங்கே வாய் பேசக் கூடாது, கைதான் பேச வேண்டும். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் மேசையை விரலால் தட்ட வேண்டும். போதுமென்றால் சீட்டின் மேலே உள்ளங்கையை இப்படி, கிடையாக அசைக்க வேண்டும்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பந்தியில் இலைமேல் கையை மறைப்போமே, அதுதானே?" அதுதான், அம்மா. சாம்பார் வாளியோடு வருகிறவரிடம் எழுபது வருடமாகப் பேசிய மொழிதான்! அதன்பிறகு நான் அந்த மேசையில் தேவைப்படவில்லை. 15 வந்தால் அம்மா கொஞ்சம் யோசிப்பார், வியட்நாமியப் பாட்டி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், அம்மா இலையை மறைப்பார். இருவரும் ஒருவர் சில்லை ஒருவர் எண்ணி அடுக்கிக் கொடுத்தார்கள். இரவு பத்தரைக்குத் தலைவலி என்று சொல்லி நான்தான் அம்மாவை வீட்டுக்குக் கூப்பிட வேண்டியிருந்தது, தலைவலி எனக்கு. மறுநாள் முதல் மாலை நேரத்தில் இரண்டு கிழவிகள் எங்கள் தெருவில் நடந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குலுக்கலில் அம்மாவுக்கு ஒரு பரிசும் விழுந்தது. மின்கலத்தில் ஓடும் துளைக்கருவி. ஆமாம், அந்தப் பலகைத் தட்டை மாட்டியது அதை வைத்துத்தான். எதிரணியினர் எழுந்திருக்க வேண்டாம், நானே ஒப்புக்கொள்கிறேன்: கேசினோ இரவால் எனக்கு நேர்ந்த ஒரே கேடு அது.

2021 பிப்ரவரியை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 2 பாகை. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது. நம் ஊர் வீடுகளில் தண்ணீர்க் குழாயைப் பரணில் ஓட்டி வைத்திருக்கிறார்களே, எங்கள் பரண் குழாய் உறைந்து, பிறகு உருகும்போது வெடித்தது. விடிகாலை ஐந்து மணி. படுக்கையறைக் கூரை எண்ணெயில் போட்ட பூரிபோல மெதுவாக உப்பியது. தெருவோரம் மீட்டர் பெட்டிக்குள் பிரதான வால்வு இருக்கிறது என்று தெரியும். இரும்பு மூடியின்மேல் பனிக்கட்டி. அதைத் திறந்தாலும் உள்ளே திருப்ப ஒரு நீளச் சாவி வேண்டும், என்னிடம் இல்லை. ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வெயிஸ்ட்கோட்டுக்காரர் போர்வையோடு வந்தார். சாவியை எடுத்தார். மூடியைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்து, குப்புறப் படுத்துத் தண்ணீரை அடைத்தார். எழுந்தவர் முதலில் கேட்டது: "உன் அம்மா ஊருக்குப் போய்விட்டார்கள்தானே? குளிரில் இல்லையே?"

அங்கே எதிரணியில் ஒருவர் துள்ளுகிறார். எதற்கென்று தெரியும். சாவி அவரிடம் இருந்தது எப்படி, அவர் வீட்டு வேலை செய்கிறவர் என்பதால்தானே? சரி, சாவி உங்கள் கட்சி. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் தெருவில் சாவி வைத்திருந்த வீடுகள் குறைந்தது இன்னும் நான்கு இருந்திருக்கும். அவற்றில் எந்தக் கதவைத் தட்டுவது, யாரை அந்த நேரத்தில் படுக்கையிலிருந்து எழுப்பினாலும் முகம் சுளிக்கமாட்டார் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? அதை எந்தக் கடையின் எந்த வரிசையில் விற்கிறார்கள்? வீட்டைச் செப்பனிடும் சாமான் விற்பதில் நாட்டிலேயே மிகப்பெரிய கடை 1979இல் அட்லாண்டாவில் இரண்டே கடைகளோடு தொடங்கி இன்று ஊர் ஊராக நிற்கிறது. பெருமைதான். அங்கே எல்லாச் சாவியும் கிடைக்கும்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். அரை நிமிடம். கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டு, வண்ணம் பூசி, நான்கு கோணத்தில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் பேசுகிறார். அந்தக் கூரையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எடுத்தவுடன் கேட்பது, "அந்தப் பாட்டி நடக்கப் போகிறாளா?"

அமர்கிறேன், நடுவர் அவர்களே.