மேல்செலவு ஏறினால் யாரைச் சந்தேகிப்பது?

வணக்கம். பின்னலாடைத் தொழில் செய்பவர்கள் நிறைந்த அவை இது, நேராகக் கணக்குக்கே வந்துவிடுகிறேன்.

முதலாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "வாடகை மாறலை. ஆபீஸில் அதே ஆட்கள். அப்புறம் எப்படி சார் போன காலாண்டைவிட ஓவர்ஹெட், அதான் வாடகை, ஆபீஸ் சம்பளம் மாதிரி மேல்செலவு, இவ்வளவு ஏறுச்சு? எவனாவது கை வைக்கிறானா?" ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள் என்பேன்.

போனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. சட்டம் என்ன கெடு வைத்தாலும் நம் பக்கம் தீபாவளிக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கேட் முன்னால் கூட்டம் கூடிவிடும். ஆபீஸ் ஊழியர் போனஸ் வருடத்துக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பட்டுவாடா செய்கிற அன்றுதான் கணக்கில் செலவாக எழுதுவேன் என்றால் அக்டோபர்–டிசம்பர் காலாண்டு மொத்தத்தையும் சுமக்கும், மற்ற மூன்றும் இல்லாத லாபத்தைக் காட்டும். மாதம் 1 லட்சம் ஒதுக்கி வந்தால் ஒவ்வொரு காலாண்டுக்கும் 3 லட்சம்தான். தீபாவளிக்குப் பணம் வெளியே போகும், ஆனால் அது ஏற்கெனவே செலவெழுதிய பணம்.

சரி, எல்லாவற்றையும் இப்படி நாலாகப் பிரித்துவிடலாமா? இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைப் பிரிக்கலாம். ஜூனில் கம்ப்ரஸர் பழுதானால் அந்தச் செலவு ஜூனுக்கே உரியது. ஆண்டுக் கடைசியில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியாத செலவை, காலாண்டுக் கடைசியிலும் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போடாதே என்பதுதான் இடைக்கால அறிக்கைகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 34 சொல்வது. பெரிய ஐ.டி. கம்பெனிகளே ஏப்ரலில் சம்பளம் உயர்த்தி, அமெரிக்காவில் வேலை செய்ய ஆள் அனுப்பும் ஹெச்-1பி விசாவுக்குக் கட்டணமும் கட்டினால், ஜூன் காலாண்டில் லாப விகிதம் இறங்கியதை ஒப்புக்கொண்டுதான் அறிக்கை விடுகின்றன.

மின்சாரத்துக்கும் ஒரு காலண்டர் உண்டு. தமிழ்நாட்டில் 2023, 2024, 2025 மூன்று வருடமும் தொழிற்சாலைக் கட்டணம் ஜூலை 1 முதல் உயர்ந்தது. உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேதனை. மெஷின் நின்றாலும், மின்வாரியத்திடம் ஒப்பந்தம் போட்ட மின்தேவை அளவில் 90 சதவீதத்துக்காவது டிமாண்ட் சார்ஜ், அதாவது தேவைக் கட்டணம், கட்டியே ஆகவேண்டும்.

இதுவரை சொன்னது தொகை மாறும் கதை. தொகை மாறாமலே பீஸுக்கு விழும் பங்கு மாறுவது இதைவிட ஆபத்து. காலாண்டு மேல்செலவு 30 லட்சம், ஓட்டியது 3 லட்சம் பீஸ் என்றால் பீஸுக்கு 10 ரூபாய். ஆர்டர் குறைந்து 2 லட்சம் ஓடினால் 15.

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், மந்தமான காலாண்டில் வந்த இந்த 15 ரூபாயை வைத்தே அடுத்த சீசன் ஆர்டருக்கு விலை சொன்னார். பக்கத்து யூனிட் 10 ரூபாயில் கணக்குப் போட்டு ஆர்டரை வாங்கிக்கொண்டது. இவருக்கு ஒன்றரை லட்சம் பீஸ்தான் மிஞ்சியது. மறுபடி கணக்குப் போட்டார், 20 ரூபாய் வந்தது. "பாத்தீங்களா, நான் சொன்ன விலையே கம்மிதான்" என்றார்.