பூண்டுக்கு எத்தனை ஜி.ஐ.?

நேயர்களுக்கு வணக்கம்.

போன பூண்டு அறுவடை முடிந்த கையோடு கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். பூம்பாறைக்காரர். சுகர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள் லேப் ரிப்போர்ட், ரிப்போர்ட்டுக்கு அடியில் தாளோடு சேர்த்துக் கட்டிய ஒரு கட்டுப் பூண்டு. பூண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்மா, நம்ம பூண்டுக்கு ஜி.ஐ. கெடச்சிருக்குன்னு எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. எம்மக என்னடான்னா, ஜி.ஐ. இருக்கறதை சுகர்காரங்க தொடக் கூடாதுன்னு போன்ல பார்த்துச் சொல்றா. வெளைய வெக்கிறவனே திங்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தப்பு அவர்மேல் இல்லை, மகள்மேலும் இல்லை. ஒரே இரண்டெழுத்துக்குள் இரண்டு விஷயத்தை அடைத்து வைத்தவர்கள்மேல்தான்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் கிடைத்தது புவிசார் குறியீடு, இங்கிலீஷில் ஜியாகிரஃபிகல் இண்டிகேஷன். அதே வருஷம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. இந்தப் பொருள் இந்த மண்ணுக்கு உரியது, வேறு ஊர்க்காரர் இந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது என்று சொல்கிற சட்டப் பாதுகாப்பு அது. நம் உடம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மகள் போனில் படித்த ஜி.ஐ. வேறு. கிளைசீமிக் இண்டெக்ஸ். ஒரு உணவைச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக, எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதற்கான எண். 1981ல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய குழுவும் இதைக் கொண்டுவந்தார்கள். சோதனை ரொம்ப எளிமையானது. ஏழெட்டுப் பேரை வெறும் வயிற்றில் உட்கார வைப்பார்கள். 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிற அளவுக்கு அந்த உணவைக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு, இடைவெளி விட்டு விட்டு விரலில் குத்தி, சர்க்கரை ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்வார்கள். வெறும் குளுக்கோஸ் குடித்தால் வருவதை 100 என்று வைத்துக்கொண்டு, இது அதில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். 55 வரைக்கும் குறைவு, 70க்கு மேலே அதிகம். அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த 50 கிராமைக் கவனித்தீர்களா? உணவின் எடை 50 கிராம் இல்லை, அதற்குள் இருக்கிற மாவுச்சத்து 50 கிராம். பூண்டில் அது வேண்டுமென்றால் நூற்றைம்பது கிராம் பூண்டை ஒரே மூச்சில் தின்ன வேண்டும். உரித்து எண்ணினால் நாற்பது ஐம்பது பல்லாவது வரும். பெரியவரிடம் இதைச் சொன்னபோதுதான் அவரும் சிரித்தார். "அத்தனை பல்லு தின்னா சுகருக்கு முன்னால வீட்டுக்காரி தொரத்திருவா" என்றார்.

கேரட்டும் இதே வம்பில்தான் மாட்டியது. அந்த 1981 பட்டியலில் கேரட்டுக்கு 90க்கு மேல் போட்டிருந்தார்கள். "கேரட் இனிக்கும், சுகருக்கு ஆகாது" என்ற பேச்சு இன்றைக்கும் நம்மூர்ச் சந்தையில் உலவுகிறது. பிறகு அளந்து பார்த்ததில் அது 40ஐ ஒட்டித்தான் வந்தது. அது எப்படியோ போகட்டும், கேரட்டில் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க அரைக் கிலோவுக்கு மேல் மெல்ல வேண்டும். மன்னவனூரில் வயலில் உட்கார்ந்து பிடுங்கிப் பிடுங்கித் தின்றாலும் அவ்வளவு உள்ளே போகாது.

அதனால்தான் இன்னொரு எண்ணைச் சேர்த்தார்கள், கிளைசீமிக் லோடு என்று. நான் அதைச் சர்க்கரைச் சுமை என்று சொல்வேன். ஜி.ஐ. எண்ணை, நீங்கள் நிஜமாகச் சாப்பிடுகிற அளவில் உள்ள மாவுச்சத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். பத்துக்குள் வந்தால் லேசு, இருபதைத் தாண்டினால் கனம். நூறு கிராம் கேரட்டுக்கு மூன்றுதான் வரும். ஒரு கப் வெள்ளைச் சோற்றுக்கு முப்பதை ஒட்டி வரும். நம் வீட்டில் யாரும் ஒரு கப்போடு எழுந்திருப்பதில்லை என்பது தனிக்கதை. உருளைக்கிழங்கும் கனமான பக்கம்தான். கிழங்கைச் சாப்பிடாதே என்று கிழங்கு விளைகிற ஊரில் நின்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சோற்றுக்கு உருளைப் பொரியல் வைத்துக்கொண்டால் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு. கிழங்கு சமைக்கிற அன்றைக்குச் சோற்றைப் பாதியாக்கி, பக்கத்தில் பீன்ஸோ சௌசௌவோ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்தது கலோரி. உடம்பைக் குறைக்க வருகிறவர்கள் எல்லாரும் இந்த வார்த்தையோடுதான் வருகிறார்கள். கலோரி என்பது ஏதோ கெட்ட பொருள், சாப்பாட்டில் ஒளிந்திருக்கிறது என்பது போலப் பேசுவார்கள். அது ஒரு அளவு, படி, ஆழாக்கு மாதிரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்தான் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4, புரதத்தில் 4, கொழுப்பில் 9, சாராயத்தில் 7. இந்த நான்கு எண் மனசில் இருந்தால் முக்கால்வாசிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

நம்மூர்க் கணக்கு ஒன்று போடுவோமா? குளிருக்கு நாம் எல்லாரும் டீ குடிக்கிறோம். கடை டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை, கரண்டிக்கு 5 கிராம், ஆக 10 கிராம். காலையில் எழுந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, பத்து மணிக்கு, சாப்பாட்டுக்குப் பின், நாலு மணிக்கு, பனி இறங்கினதும் இன்னொன்று. ஆறு டீயில் 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி. பாலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கட்டும், முடிந்தால் 25ல் நிற்கட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீயிலேயே எல்லை தாண்டிவிட்டோம். ஏரியை ஒரு சுற்று நடந்தால் 5 கிலோமீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதில் 200 கலோரியோ, கொஞ்சம் கூடவோ செலவாகும். நடை முடிந்து படகுத்துறைப் பக்கம் நின்று பஜ்ஜி தின்றால் என்ன ஆகும்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120 கலோரி. பஜ்ஜி எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது சுடுகிறவருக்கே தெரியும்.

"பத்து நாளில் ஐந்து கிலோ" விளம்பரத்தையும் இதே எண்களை வைத்தே பார்த்துவிடலாம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஐந்து கிலோவுக்கு 38,500. பத்து நாளுக்கு வகுத்தால் தினமும் 3850. நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் சாப்பிடுவதே அவ்வளவு கிடையாது. பட்டினியே கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது. அப்படியென்றால் தராசு முள் இறங்குகிறதே, அது என்ன? தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினதும் முதலில் போவது அது. திரும்பச் சாப்பிட்டதும் முதலில் வருவதும் அதுதான்.

உடம்பிலுள்ள நச்சை வெளியேற்றுவதாகச் சொல்கிற டீடாக்ஸ் என்ற வார்த்தையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. வெந்நீரில் மலைத்தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். உடம்பு இளைக்காது, ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் ஹோம்மேட் சாக்லேட் தட்டு தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு ஓரத்தில் "சுகர் ஃப்ரீ" என்று பேனாவால் எழுதிய அட்டை நிற்கும். சட்டப்படி அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் உண்டு. நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. பால் சாக்லேட் என்றால் பாலிலேயே ஒரு சர்க்கரை இருக்கிறதே, அது எங்கே போகும்? "சர்க்கரை சேர்க்கவில்லை" என்பது வேறு பேச்சு, "சர்க்கரையே இல்லை" என்பது வேறு பேச்சு. இனிப்புக்கு மால்டிட்டால் மாதிரி ஏதாவது மாற்று இனிப்பைப் போட்டிருப்பார்கள். அதிலும் கலோரி உண்டு, சர்க்கரையில் பாதிக்கும் மேலே. ஆசைப்பட்டு நாலைந்து துண்டு உள்ளே தள்ளினால் அன்றைக்கு ராத்திரி வயிறு பேசும். நான் ஒரு கடையில் விசாரித்துப் பார்த்தேன். "இதில் என்ன போடுறீங்க தம்பி?" என்று கேட்டதற்கு, "சுகர் போடலை மேடம், அதான் சுகர் ஃப்ரீ" என்றார் அந்தப் பையன். அவரை நான் குறை சொல்லவில்லை. பட்டியல் ஒட்டாமல் எடை போட்டு விற்கிற பண்டத்தை மட்டும் சுகர்காரர்கள் அட்டையை நம்பி வாங்க வேண்டாம்.

எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். செடியிலிருந்து எடுக்கிற எந்த எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. அது இறைச்சி, முட்டை, பால் வழியாக வருவது. தண்ணீர் பாட்டிலில் "எலும்பு இல்லாதது" என்று எழுதுவது மாதிரி. தாண்டிக்குடிப் பக்கம் விளைகிற பட்டர் ஃப்ரூட்டைக் கொழுப்பு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். கொழுப்பு உண்டு, நூறு கிராமில் 15 கிராம் வரை. பெரும்பாலும் நல்ல வகை. அதைக் கெடுப்பது ஜூஸ் கடையில் மேலே கொட்டுகிற மூன்று கரண்டி சர்க்கரை.

உயரத்துக்குத் தகுந்த எடையா என்று சொல்கிற பி.எம்.ஐ. எண் பற்றியும் ஒரு வார்த்தை. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். ஐந்தேகால் அடி, 62 கிலோ என்றால் 24 வரும். உலக அளவில் 25க்குக் கீழே சரி என்பார்கள். நமக்கு 23லேயே மணி அடிக்கிறது. அதே எடையில் நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. இந்தச் சூத்திரத்தை 1830களில் யோசித்த பெல்ஜியத்துக்காரர் கெட்லே மருத்துவரே இல்லை, மக்கள்தொகையின் சராசரியைக் கணக்கிட்டவர். கிழங்கு மூட்டை தூக்கித் தோள் திரண்ட ஆளையும் அது குண்டு என்று சொல்லிவிடும். என்னைக் கேட்டால் இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால் பேசுவோம்.

பூம்பாறைப் பெரியவர் எழுந்திருக்கும்போது, "இவளுதையும் ஒரு பார்வை பாருங்கம்மா" என்று மனைவியின் ரிப்போர்ட்டை நீட்டினார். அந்த அம்மா அதுவரை சுவரோரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஹீமோகுளோபின் 12.2. பெண்களுக்கு 12 இருந்தால் போதும் என்று தாளில் அச்சடித்திருக்கிறது. பாஸ் மார்க். ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, களை எடுக்கும்போது தலை சுற்றுகிறது என்கிறார்.

அந்த 12 மலைக்குக் கீழே இருக்கிற வத்தலக்குண்டுக்குச் சரி. நாம் இருப்பது ஏழாயிரம் அடி உயரத்தில். இங்கே தண்ணீர்கூட 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவதால் உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறது. அதனால் மலையில் இருப்பவர்களுக்கு உயரத்துக்குத் தகுந்தபடி கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் உயரத்துக்கு ஒரு கிராமுக்கும் மேலே. கழித்தால் 11.2க்கும் கீழே. பாஸ் மார்க் வாங்கிய அம்மாவுக்கு ரத்தசோகை.

"சாப்பாடு முடிஞ்சதும் டீ குடிப்பீங்களா?" என்று கேட்டேன். "சாப்பிடும்போதே குடிப்பேன், அப்பத்தான் தொண்டைல எறங்கும்" என்றார். டீயில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே டீயைத் தள்ளி வையுங்கள், சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள் என்றேன். மாத்திரைக்கு டாக்டரிடம் அனுப்பினேன். டீயை விடச் சொல்லவில்லை என்பதே அந்த அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரையும் ரிப்போர்ட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன். பூண்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் வீட்டு அடுப்படியில் புகை படுகிற இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

வணக்கம்.