மலை உச்சிப் பனிக்கு வயது கணிப்பது எப்படி?

[காட்சி: தக்கோலம் கோயில் சுவர். கல்வெட்டு எழுத்துகள் மீது கேமரா மெதுவாக நகர்கிறது.]

வணக்கம். வேலூரில் இருந்து பேசுகிறேன்.

பழைய வட ஆர்க்காட்டில் எந்தப் பழங்கோயிலுக்குப் போனாலும் சுவரில் கல்வெட்டு இருக்கும். ஆனால் அதில் கி.பி. இத்தனை என்று இருக்காது. இந்த மன்னருக்கு ‘யாண்டு' இத்தனையாவது என்றுதான் இருக்கும். பட்டமேறிய நாளில் இருந்து கணக்கு. அதை நம் காலண்டரில் பொருத்த வேண்டுமானால், ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு உறுதியான ஆண்டு தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த ஒன்றுதான் தக்கோலம் போர். சோழ இளவரசர் இராசாதித்தர் யானை மேலேயே உயிர்விட்ட போர். கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு இந்தப் போரைச் சொல்வதோடு சக ஆண்டு 872 என்றும் சொல்கிறது. கி.பி. 949-50. அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணலாம்.

மலை உச்சியில் துளை போட்டு ஐஸ் உருளை எடுக்கிறவர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஓர் எண்ணிக்கை, அதைப் பிடித்து நிறுத்தச் சில உறுதியான ஆண்டுகள்.

[காட்சி: பனிமலை. துளைக் கருவி. வெளியே வரும் ஐஸ் உருளை.]

முதலில் எண்ணிக்கை. உயர்ந்த மலைகளில் விழும் பனி உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு அடுக்காகச் சேர்ந்து, அழுந்தி ஐஸாகிறது. இமயமலையில் மழைக்காலப் பனி சுத்தமாக இருக்கும். அதில் ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 குறைவு. வறண்ட மாதங்களின் பனியில் தூசி அதிகம். இந்த ஏற்ற இறக்கம் ஒரு முறை வந்தால் ஓர் ஆண்டு. பெருவில் இருக்கும் கெல்காயா பனிமலையில் தூசிப் பட்டைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். 1983-இல் அமெரிக்கப் பனியாய்வாளர் லோனி தாம்சனின் குழு அங்கே சூரிய மின்சாரத்தில் துளையிட்டு, சுமார் 1,500 ஆண்டுப் பதிவை எடுத்தது.

சரி, அடிவரை இப்படியே எண்ணிவிடலாமே? முடியாது. அண்டார்டிகாவில் ஐஸ் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மலைப் பனியாறுகளில் பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டர்தான். மேலிருந்து எடை அழுத்த அழுத்த, கீழ் அடுக்குகள் பக்கவாட்டில் நகர்ந்து மெலிந்துவிடுகின்றன. மொத்த வயதில் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டரில் ஒடுங்கிக் கிடக்கும். அங்கே ஓர் ஆண்டையும் அடுத்த ஆண்டையும் பிரிக்க எந்தக் கருவியாலும் ஆகாது.

[காட்சி: உருளையின் குறுக்குப் படம். ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

இனி உறுதியான ஆண்டுகள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள். அந்தக் கதிரியக்கம் உலகம் முழுவதும் பனியோடு இறங்கியது. உச்சம் 1963 வாக்கில். அந்த அடுக்கு கிடைத்துவிட்டால் முதல் பிடி கிடைத்துவிட்டது. அதற்குப் பயன்படும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாக ஆகும் காலம், 12.3 ஆண்டு. அன்று விழுந்ததில் முப்பதில் ஒரு பங்குதான் இன்று மிச்சம். இன்னும் பின்னால் போனால் எரிமலைகள்: 1815 தம்போரா, 1600 வாய்னாபுட்டினா. இந்த இரண்டாவது பெருவிலேயே வெடித்தது. அதன் சாம்பல் கெல்காயா ஐஸில் இருக்கிறது.

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஈயம்-210 உதவும். பாறையில் இருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து உண்டாவது அது. அரை ஆயுள் 22 ஆண்டு.

அதற்கும் கீழே? கார்பன்-14 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இலை, கரித்தூள் போல உயிர்களிடம் இருந்து வந்த கரிமப் பொருள் ஏதாவது கிடைக்க வேண்டும். இத்தாலியின் ஆர்ட்லஸ் மலையில் எடுத்த உருளையில் ஒரு லார்ச் மர ஊசியிலை அகப்பட்டது. வயது சுமார் 2,600 ஆண்டு. இது அபூர்வமான அதிர்ஷ்டம். மற்ற இடங்களில் ஒரு கிலோ ஐஸை உருக்கி வடிகட்டினால், காற்றில் வந்த கரித்தூள் சில பத்து மைக்ரோகிராம் தேறும். அதை வைத்து வயது சொல்லும் முறையை சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தார் வளர்த்தெடுத்தார்கள். ஆல்ப்ஸின் கோலே நிஃபெட்டியில் அடி ஐஸ் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்று அப்படித்தான் தெரிந்தது.

[காட்சி: மேற்குத் திபெத்தின் வரைபடம். குலியா.]

இப்போது சொல்லப்போவதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1992-இல் குலியா பனிமுடியில் 308 மீட்டருக்கும் அதிகமான உருளையை எடுத்தார்கள். 1997-இல் வந்த முடிவு: அடிப்பகுதி ஐந்து லட்சம் ஆண்டுக்கு மேல் பழையது! அதற்கு ஆதாரம் குளோரினின் கதிரியக்க வகையான குளோரின்-36. அரை ஆயுள் மூன்று லட்சம் ஆண்டு. அடியில் அது குறைவாக இருந்தது. குறைந்த அளவை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள்.

ஆனால் முதலில் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பனியில் விழுந்த குளோரின் அமில ஆவியாகித் திரும்பக் காற்றுக்கே போய்விடவும் கூடும். அப்புறம் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சோங்செ பனிமுடியில் கார்பன் முறையில் பார்த்தார்கள். அடி ஐஸுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆண்டு என்ற அளவில்தான் வயது வந்தது. பக்கத்துப் பக்கத்து மலைகள். வயதில் ஐம்பது மடங்கு வித்தியாசம்!

2019-இல் கிரிப்டான்-81 வந்தது. இதுவும் மெல்லச் சிதைவதுதான், ஆனால் வேதிவினையில் சேராத வாயு. காற்றில் எங்கும் ஒரே அளவில் கலந்திருப்பதால், தொடக்க அளவைப் பற்றிய சந்தேகம் இல்லை. அணுக்களை லேசரில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். அதற்குப் பத்துக் கிலோ கணக்கில் ஐஸ் வேண்டும் என்பதால் குலியாவின் ஓரத்தில் இருந்து எடுத்தார்கள். எடுத்த எந்த மாதிரியும் 75,000 ஆண்டைத் தாண்டவில்லை.

ஐந்து லட்சம் என்ற பழைய எண் பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்காவது படித்தால், எந்த முறையில் கணித்தது என்று பாருங்கள். தாம்சன் குழுவே 2015-இல் குலியாவுக்குத் திரும்பிப் போய் மறுபடி துளையிட்டது.

[காட்சி: வறண்ட பாலாறு. மணல்.]

இதில் நமக்கு என்ன? பாலாற்றுக்குப் பனிமலைத் தண்ணீர் வருவதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வேலூருக்கும் இமயமலைக்கும் பொது. இமயமலையில் 7,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாசுவோப்பு பனியாற்றின் உருளைகள் ஆயிரம் ஆண்டுப் பருவமழைப் பதிவு. மழை பொய்த்த ஆண்டுகளில் அதில் தூசியும் குளோரைடும் ஏறுகின்றன. 1876-78 தாது வருடப் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் வாட்டியது. அதற்கு எண்பது ஆண்டுக்கு முந்தைய 1790-96 வறட்சிதான் அந்த ஐஸில் பதிவானவற்றில் மிகக் கடுமையானது. வயதுக் கணக்கு இருபது ஆண்டு பிசகியிருந்தால், எந்தத் தூசி அடுக்கு எந்த வறட்சியுடையது என்று யாரும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது.

[காட்சி: மானசரோவர் ஏரி. பின்னால் குர்லா மாந்தாதா மலை.]

கைலாய யாத்திரை போனவர்கள் மானசரோவருக்குத் தெற்கே இந்த மலையைப் பார்த்திருப்பார்கள். இதன் நைமோனானி பனியாற்றில் 2006-இல் உருளை எடுத்து, வழக்கம்போல் 1963 அடுக்கைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1950-களின் அடுக்கும் இல்லை. கருவியில் கோளாறு கிடையாது. 6,000 மீட்டர் உயரத்திலேயே பனி மேலிருந்து உருகிக்கொண்டிருந்தது. ஈயம்-210-ஐ வைத்துப் பார்த்தபோது, மேற்பரப்பில் இருந்த ஐஸே 1940-களைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இந்த ஆய்வு வெளியானது 2008-இல்.