பெரியவங்களுக்கான சங்கம் பெரியவங்க கையில இருக்கணும்

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்கிற அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும், பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற தன்னார்வலர் தம்பி தங்கச்சிங்களுக்கும் என் வணக்கம்.

முதியோருக்கு என்னென்ன செய்யலாம்னு பேச இங்க நிறைய பேர் இருக்கீங்க. மத்தியான சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குத் துணை, தனியா இருக்கிறவங்களுக்கு தினமும் காலைல ஒரு போன், நவம்பர் மாசம் ஆனா பென்ஷன்காரங்களுக்கு லைஃப் சர்டிஃபிகேட் எடுக்க கூடப் போறது, எல்லாத்தையும் நீங்கதான் பண்றீங்க. நான் பேச வந்தது அந்த வேலைக்குப் பின்னாடி இருக்கிற விஷயம். சங்கத்துல முடிவு யார் எடுக்குறாங்க, பணம் யார் கையில இருக்கு, ஒரு தப்பு நடந்தா யார் யாரைக் கேக்கலாம், அதுதான்.

நான் பல வருஷமா இந்த மாதிரி சின்னச் சங்கங்களுக்கு பைலா, அதாவது சங்கத்தோட விதிகளை எழுதவும் பதிவு பண்ணவும் கூட இருந்து உதவி பண்றேன். அதுல பார்த்தது ஒண்ணு. சம்பளம் வாங்காம உழைக்கிறவங்களை நம்ம ஊர்ல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, "பாவம், அவரே கைக்காசு போட்டு ஓடியாடி செய்யறாரு, அவர்கிட்ட போயி கணக்கு கேட்டா நல்லாவா இருக்கும்"னு விட்டுடுவாங்க, அவரும் நல்லவர்தான், ஆனா பத்து வருஷம் யாருமே கேக்காத இடத்துல நல்லவருக்கே எது சங்கத்துக் காசு எது தன் காசுங்கிற கோடு மங்கிப்போயிடும். அதனால நான் உறுதியா சொல்றேன், சம்பளத்துக்கு ஆள் வச்சு நடத்துற ஆபீஸை விட தன்னார்வலர்கள் நடத்துற சங்கத்துக்குத்தான் எழுதி வச்ச விதி அதிகமா வேணும். அந்த விதி யார் கையில இருக்கணும்னா, எந்தப் பெரியவங்களுக்காக சங்கம் நடக்குதோ அவங்க கையில.

சட்டத்தை வேகமா சொல்லிட்டுப் போயிடறேன். நம்ம மாநிலத்துல இந்த அமைப்புகள்ல நிறைய 1975-ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிவானவை. குறைஞ்சது 7 பேர் சேர்ந்து ஆரம்பிக்கலாம். செயற்குழுல குறைஞ்சது 3 பேர் இருக்கணும், அவங்க பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, வருஷா வருஷம் பொதுக்குழு, அதாவது எல்லா உறுப்பினரையும் கூட்டி வரவு செலவு வைக்கணும், அந்தக் கணக்கைப் பதிவாளர்கிட்டயும் தாக்கல் பண்ணணும். சில பேர் டிரஸ்ட்டா ஆரம்பிக்கிறாங்க, அது நடத்த சுலபம், ஆனா டிரஸ்ட்ல பொதுக்குழுன்னு ஒண்ணு இருந்தே ஆகணும்னு கிடையாது, டிரஸ்டிகள் வச்சதுதான் முடிவு. என் அபிப்பிராயம், முதியோருக்கான அமைப்புன்னா சங்கமா பதிவு பண்றதுதான் நல்லது, ஓட்டுப் போடுற உரிமை உறுப்பினருக்கு இருக்குமில்லையா.

இப்ப கொஞ்சம் நின்னு பேச வேண்டிய இடம். எலெக்ஷன் முடிஞ்சு புது செயற்குழு வந்தா அந்த மாற்றத்தை படிவம் 7-ல பதிவாளருக்குக் குடுக்கணும், 3 மாசத்துக்குள்ள. இதை எத்தனையோ சங்கம் மறந்துடுது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. அப்புறம் பேங்க்ல கையெழுத்து மாத்தப் போனா மேனேஜர் படிவம் 7 நகல் கேப்பாரு, இருக்காது, பதிவாளர் ஆபீஸ் புக்ல இன்னும் பழைய செயலாளர்தான் செயலாளர். இதுல நம்ம சங்கங்களுக்கு இன்னொரு கஷ்டம் கூட இருக்கு, அதை நாகரிகம் பார்க்காம சொல்லணும். நம்ம பொருளாளருக்கு 74 வயசு, செயலாளருக்கு 78. ஒருத்தர் ஐசியுல படுத்துட்டா, இல்ல காலமாயிட்டா, செக்ல கையெழுத்துப் போட ஆள் இல்ல. அன்னைக்கு அரிசிக்கடைக்காரருக்குப் பணம் குடுக்க முடியாது, சமைக்கிற அம்மாவுக்குச் சம்பளம் குடுக்க முடியாது, கணக்குல பணம் இருக்கும் ஆனா எடுக்க முடியாது. ஒரு சங்கத்துல இப்படி மாசக்கணக்கா நின்னு, சாப்பாடு வாங்கிட்டிருந்த பெரியவங்களை பக்கத்துக் கோயில் அன்னதானத்துக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு. அதனால கையெழுத்து அதிகாரம் 3 பேருக்குக் குடுங்க, அதுல எந்த 2 பேர் போட்டாலும் செக் செல்லணும், அந்த 3 பேர்ல ஒருத்தராவது 60-க்குக் கீழ இருக்கட்டும். வெத்து செக்ல முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வச்சுக்கிற பழக்கம் எங்கயாவது இருந்தா இன்னைக்கே அந்த செக்கைக் கிழிச்சுடுங்க.

அடுத்தது பொதுக்குழு. எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இதுதான். பைலால கோரம், அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது வரவேண்டிய ஆளுங்க, மூணுல ஒரு பங்குன்னு எழுதியிருப்பாங்க, நோட்டீஸ் சின்ன எழுத்துல அடிச்சு வாட்ஸப்ல போட்டிருப்பாங்க, கூட்டம் சாயங்காலம் 6 மணிக்கு, மாடில, லிஃப்ட் கிடையாது. யார் வருவா? முட்டிவலி இல்லாத நாலு பேரும் செயற்குழுவும்தான் வருவாங்க. கோரம் இல்லன்னு அரைமணி நேரம் தள்ளி வச்சு, ஒத்திவச்ச கூட்டத்துக்கு கோரம் தேவையில்லைன்னு பைலால இருக்கிற ஒரு வரியைக் காட்டி எல்லாத் தீர்மானமும் ஏகமனதா நிறைவேறும். விதிப்படி எல்லாம் சரியா இருக்கும், ஆனா 82 வயசு அம்மா ஒருத்தங்க, "எங்களுக்கு ராத்திரி டிபன் ஏன் நிறுத்துனீங்க"ன்னு கேக்க நினைச்சிருந்தாங்கல்ல, அவங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது.

இதை மாத்த பெரிய செலவு ஒண்ணும் இல்ல. கூட்டத்தை காலைல பத்தரைக்கு வைங்க, தரைத்தளத்துல வைங்க, பாத்ரூம் பக்கத்துல இருக்கணும், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து போறவங்க இருக்காங்க. நோட்டீஸை பெரிய எழுத்துல அடிச்சு கையில குடுங்க, கண்ணு தெரியாதவங்களுக்கு தன்னார்வலர் போன்ல படிச்சுக் காட்டட்டும். கணக்கை ஆடிட்டர் குடுத்த பேலன்ஸ் ஷீட்டா மட்டும் வைக்காதீங்க, அது பாதிப்பேருக்குப் புரியாது. இந்த வருஷம் இவ்வளவு வந்துச்சு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, அது இந்த பேங்க்ல இருக்குன்னு ஒரே தாள்ல எழுதிக் குடுங்க. படுக்கையில இருக்கிறவங்களுக்கும் ஓட்டு இருக்குல்ல, அவங்க வீட்டுக்கே சீட்டு எடுத்துட்டுப் போயி வாங்குறதுக்கு பைலால இடம் பண்ணுங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, அந்தச் சீட்டை வாங்கப் போறவங்க தேர்தல்ல நிக்கிறவங்களா இருக்கக்கூடாது. தினமும் சாப்பாடு கொண்டுவந்து குடுக்குற பையனே வந்து "தாத்தா, இந்தப் பேருக்கு நேரா போடுங்க"ன்னா தாத்தா மாட்டேன்னு சொல்லுவாரா? நாளைக்குச் சாப்பாடு வருமோ வராதோங்கிற பயம் அவருக்கு இருக்கும். அந்தப் பயம் இருக்கிற இடத்துல ஓட்டுக்கு அர்த்தம் கிடையாது.

2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல பத்துல ஒருத்தருக்கும் மேல 60 தாண்டினவங்க. அவங்கள்ல ஹெட்மாஸ்டரா இருந்தவங்க இருக்காங்க, தாலுகா ஆபீஸ்ல இருந்தவங்க, மில்லுல யூனியன் நடத்தினவங்க, வயக்காட்டுல நாப்பது ஆள் வச்சு வேலை வாங்கினவங்க இருக்காங்க. இவங்களை எல்லாம் பந்தில உக்கார வச்சு சோறு போட்டு போட்டோ எடுக்குறதோட நிறுத்திக்கிறோம். செயற்குழுல பாதி இடமாவது சங்கத்தோட உதவியை வாங்குறவங்களுக்கே இருக்கணும்னு நான் கேக்குறேன். பேருக்கு ஒருத்தரை உக்கார வச்சா அவர் எதுவும் பேச மாட்டார், ரெண்டு மூணு பேர் இருந்தாதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து தைரியமா பேசுவாங்க. பெண்களும் இருக்கணும், விதவையா தனியா வாழ்ற அம்மாக்கள்தான் நம்மகிட்ட அதிகமா வர்றாங்க, ஆனா மேடைல பாருங்க, எல்லாம் ஆம்பளைங்க.

பதவில ஒரே ஆள் ரொம்ப நாள் இருக்கிறது பத்தி சொன்னா உடனே வருத்தப்படுறாங்க, "ஆரம்பிச்சவரே அவர்தான, அவரை எப்படிப் போகச் சொல்றது". உத்திரமேரூர் எல்லாருக்கும் தெரியும், குடவோலை, ஓலைல பேர் எழுதிக் குடத்துல போட்டு எடுத்து ஊர்ச்சபைக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம். மேடைக்கு மேடை ஓலை எடுத்த கதையை மட்டும் சொல்லிட்டு விட்டுடறோம், யாரு நிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கிறதுதான் முக்கியம். வாரியத்துல, அதாவது அந்த ஊர்ச்சபைக் குழுல, இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் நிக்கக்கூடாது, அவன் மட்டும் இல்ல அவனோட நெருங்கிய சொந்தக்காரங்களும் நிக்கக்கூடாது. வாரியத்துல இருந்து இறங்கினவன் 3 வருஷம் கழிச்சுத்தான் திரும்ப வரலாம். பதவி ஒரு வருஷம்தான். வயசு 35-க்கு மேல 70-க்குள்ளன்னு ரெண்டாவது கல்வெட்டு சொல்லுது. அது பிராமணர்களோட ஊர்ச்சபை, நிலம் இருக்கிறவனுக்குத்தான் இடம், அதையும் சேர்த்துச் சொல்லணும், எல்லாரையும் சேர்த்துக்கிட்ட ஜனநாயகம்னு பெருமை பேச முடியாது. 70-னு வச்ச வரம்பும் நமக்கு ஒத்துவராது. ஆனா கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சொந்தத்துக்கும் இடம் இல்லைங்கிறதும், இறங்கினா கொஞ்ச காலம் வெளிய இருக்கணும்கிறதும் அப்படியே எடுத்து நம்ம பைலால எழுதலாம். ரெண்டு பதவிக்காலம், அப்புறம் ஒரு பதவிக்காலம் ஓய்வு. ஆரம்பிச்சவரை ஆலோசகரா வச்சுக்கோங்க, மரியாதை எதுவும் குறையாது, ஆனா ஓட்டும் செக் புக்கும் வேற ஆள்கிட்ட இருக்கட்டும்.

பணத்துல ரெண்டு விஷயம். சொந்தக்காரங்க கடைல, மச்சான் கேட்டரிங்ல சாமான் வாங்குறது எல்லா இடத்துலயும் நடக்குது, விலை நியாயமாவும் இருக்கலாம். ஆனா அந்தப் பேச்சு வரும்போது சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளிய போகணும், அவர் வெளிய போனார்னு மினிட்ஸ்ல, அதான் கூட்டக் குறிப்புல, எழுதணும், மூணு கடை விலை வாங்கி ஒட்டணும். வரிவிலக்கு வாங்கின அமைப்புல நிர்வாகியோ அவர் சொந்தமோ நியாயத்துக்கு மேல ஆதாயம் அடைஞ்சா வரிவிலக்கே போயிடலாம், அப்புறம் கஷ்டம் எல்லாருக்கும். ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது, அதனால செக் இல்லன்னா யுபிஐதான். இன்னொண்ணு வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க அனுப்புற பணம். அம்மாவைப் பார்த்துக்கிட்டீங்கன்னு நன்றியோட நியூஜெர்சில இருந்து மகன் 50 ஆயிரம் அனுப்புறார். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தா, தன் சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டார்னா அவர் சட்டப்படி வெளிநாட்டு ஆள், ரூபாயாவே குடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இல்லாம வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் முதல்ல டெல்லில எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குக்குத்தான் வரணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் அப்படித்தான். வாங்குறதுக்கு முன்னாடி "தம்பி, நீங்க எந்த ஊர் சிட்டிசன்"னு கூச்சப்படாம கேளுங்க.

கடைசியா ஒண்ணு, இதைக் கொஞ்சம் மனசு கனத்துத்தான் சொல்றேன். நம்ம தன்னார்வலருங்க பெரியவங்க வீட்டுக்குள்ளயே போறோம். பீரோ சாவி எங்க இருக்குன்னு தெரியும், ஏடிஎம் பின் நம்பர் தெரியும், மகன் பேசுறது இல்லைங்கிறது தெரியும். அந்தம்மா பாசத்துல "எனக்கு அப்புறம் இந்த வீடு உனக்குத்தான்யா"ன்னு சொல்லுவாங்க. ஒரு ஊர்ல நிஜமாவே உயில் எழுதி வச்சுட்டாங்க, வாங்கினவர் தங்கமான மனுஷன், ஆனா அதுக்கப்புறம் அந்த ஊர்ல எந்தப் பிள்ளையும் தன் அப்பா அம்மா வீட்டுக்குள்ள தன்னார்வலரை விடல. இதுக்கு விதி எழுதியே ஆகணும், வாயால சொன்னா நிக்காது. தன்னார்வலரோ செயற்குழு ஆளோ, அவங்க குடும்பமோ, உதவி வாங்குறவங்க உயில்ல பயனாளியா இருக்கக்கூடாது, சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, பேங்க்ல நாமினி ஆகக்கூடாது, கடன் வாங்கக்கூடாது, குடுக்கவும் கூடாது. ஏடிஎம் கார்டைத் தொடக்கூடாது. பணம் எடுக்கணும்னா பெரியவரையே கூட்டிட்டுப் போங்க, நடக்க முடியாதவங்களுக்கு தபால்காரர் வீட்டுக்கே வந்து பணம் குடுக்குற வசதி இருக்கு, ஆதார் வச்சு எடுத்துக்கலாம், அதைச் சொல்லிக் குடுங்க. புதுசா வர்ற தன்னார்வலரை முதல்ல தனியா அனுப்பாதீங்க, ரெண்டு பேரா போகட்டும். புகார் கேக்குறதுக்கு செயற்குழுவுக்கு வெளிய ஒருத்தர் வேணும், ஓய்வு பெற்ற டீச்சரோ நர்ஸோ, அவங்க போன் நம்பரை எல்லார் வீட்டுச் சுவர்லயும் பெருசா எழுதி ஒட்டுங்க. பக்கத்துலயே 14567-ம் எழுதுங்க, அது அரசாங்கத்தோட எல்டர்லைன், சங்கத்து மேலயே புகார் இருந்தாலும் பேசலாம். பிள்ளைங்க கவனிக்கலன்னா 2007-ஆம் வருஷத்து பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், தீர்ப்பாயத்துக்கு மனு குடுக்கலாம், அந்த மனுவை எழுத உதவி பண்ணுங்க, ஆனா குடும்பச் சண்டைல ஒரு பக்கம் சாயுறதா இல்லையாங்கிறதை ஒரு தன்னார்வலர் தனியா முடிவு பண்ண விடாதீங்க, அது செயற்குழு உக்காந்து பேசி மினிட்ஸ்ல எழுத வேண்டிய முடிவு.

சங்கத்தை மூடுறதைப் பத்தியும் பைலால இருக்கணும், அதையும் சொல்லிடறேன். ஆள் இல்லாம, பணம் இல்லாம நிறுத்த வேண்டி வரலாம், அதுல கேவலம் ஒண்ணும் கிடையாது. அப்படி நிறுத்தினா மிச்சம் இருக்கிற பணமும் வண்டியும் கட்டிலும் சக்கர நாற்காலியும் உறுப்பினருங்க பங்கு போட்டுக்கிறதுக்கு இல்ல, இதே வேலை செய்யுற இன்னொரு அமைப்புக்குத்தான் போகணும். அதுக்கு முன்னாடி, யார் யாருக்கு தினமும் சாப்பாடு போகுது, யாருக்கு எந்த மாத்திரைங்கிற லிஸ்ட்டை அவங்க அனுமதியோட அந்த அமைப்புக்குக் கையில குடுத்து, அவங்க ஆள் வீட்டுக்கு வர ஆரம்பிச்ச பிறகுதான் நீங்க நிறுத்தணும்.

அடுத்து ஆடிட்டர் அய்யா பேசுவாங்க, படிவம் எல்லாம் நிரப்பிக் காட்டுவாங்க. அதுக்கு முன்னாடி கேள்வி இருந்தா கேளுங்க. மைக்கை முன்வரிசைக்குக் குடுங்க தம்பி, அந்த அம்மா ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க.