சர்வே புள்ளிகளை இறக்கும் முன்: ஆட்டோகேடில் மாற்ற வேண்டிய செட்டிங்குகள்

[திரையில்: ஆட்டோகேட், காலியான வரைபடம்]

வணக்கம். வேலூரிலிருந்து தென்மேற்கே, ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு நிலம் அளந்து வந்திருக்கிறோம். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் எடுத்த புள்ளிகள் ஃபைலாகக் கையில் இருக்கின்றன. உடனே ஆட்டோகேடில், அதாவது படம் வரையும் மென்பொருளில், இறக்கிவிடத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், செட்டிங்கைப் பார்த்துவிடுவோம்.

தப்பான செட்டிங்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இன்னொன்று சத்தமே போடாது. பிரிண்ட் எடுத்து, கல் நட்டு, பக்கத்து நிலத்துக்காரர் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும். இந்த வீடியோவில் இரண்டாவது வகைக்குத்தான் அதிக நேரம் கொடுக்கப் போகிறேன்.

[திரையில்: யூனிட்ஸ் கட்டம்]

யூனிட்ஸ் என்று டைப் செய்து என்டர் அடியுங்கள். நீளத்துக்கு டெசிமல், துல்லியம் மூன்று தசம இடம். மீட்டர் கணக்கில் அது மில்லிமீட்டர் வரை காட்டும். இது திரையில் காட்டுவதற்கு மட்டும்தான். உள்ளே ஆட்டோகேட் முழு எண்ணையும் வைத்திருக்கும்.

கீழே இன்செர்ஷன் ஸ்கேல் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் மீட்டர்ஸ் தேர்ந்தெடுங்கள். இதை நிறையப் பேர் தொடுவதே இல்லை. ஆட்டோகேடுக்கு மீட்டரும் தெரியாது, அடியும் தெரியாது. ஒன்று என்றால் ஒன்று, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவரும்போது மட்டும் இந்தப் பெட்டியைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும். காட்பாடியில் ஒரு மனைக்கு, இன்ஜினியர் கொடுத்த வீட்டு பிளானை நான் உள்ளே கொண்டுவந்தேன். அது அங்குலத்தில் வரைந்தது. 30 அடி வீடு, 360 யூனிட். என் பெட்டியிலும் அங்குலமே இருந்ததால் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே 360 மீட்டராக வந்து விழுந்தது. மனையைவிட வீடு பெரிது. நல்லவேளை, அது கண்ணில் பட்டுவிட்டது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வரைந்து முடித்த பிறகு இந்தப் பெட்டியை மாற்றினால், ஏற்கெனவே இருக்கும் கோடுகள் மாறாது. அதற்கு ஸ்கேல் கட்டளைதான் வேண்டும்.

பழைய புலப்படத்தில், அதாவது அரசு நில அளவைப் படத்தில், அளவு லிங்க்ஸ் என்ற பழைய சங்கிலிக் கணக்கில் இருந்தால் இதே வழிதான். 100 லிங்க்ஸ் 66 அடி. அதாவது ஒரு லிங்க் 0.201168 மீட்டர். லிங்க்ஸிலேயே வரைந்துவிட்டு, கடைசியில் இந்த எண்ணால் ஸ்கேல் செய்துவிடலாம்.

[திரையில்: புள்ளி ஃபைல், நோட்பேடில்]

அடுத்தது நார்த்திங் (வடக்கு நோக்கிய தூரம்), ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய தூரம்) வரிசை. சர்வே ஃபைலில் பெரும்பாலும் புள்ளி எண்ணுக்குப் பிறகு நார்த்திங் வரும், அப்புறம்தான் ஈஸ்டிங். ஆட்டோகேட் முதலில் கேட்பது எக்ஸ், அதாவது ஈஸ்டிங். மாறிவிட்டால் என்ன ஆகும்? நிலம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக்கொள்ளும். ஆனால் பக்க அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும். பரப்பும் சென்ட் சுத்தமாக ஒத்துப்போகும்! அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டி.ஜி.பி.எஸ். என்ற செயற்கைக்கோள் கருவி வைத்து, உலகத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையில் ஆயத்தொலைவு எடுத்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். நம் வேலூர் 44ஆவது வடக்கு மண்டலத்தில் வருகிறது. இங்கே ஈஸ்டிங் ஆறு இலக்கம், 3 லட்சத்தை ஒட்டி இருக்கும். நார்த்திங் ஏழு இலக்கம், 14 லட்சத்தைத் தாண்டும். ஒரு புள்ளியை ஐடி கட்டளையால் தொட்டுப் பாருங்கள். எக்ஸில் 14 லட்சம் வந்தால் மாறிவிட்டது என்று அர்த்தம். நாமே தொடக்கப் புள்ளி வைத்துக்கொண்ட லோக்கல் ஆயத்தொலைவு என்றால் கிணறு, பாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்று களக் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

[திரையில்: சரிவான நிலத்தில் இரண்டு கற்கள், பக்கவாட்டுத் தோற்றம்]

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நம் புள்ளிகளுக்கு உயரமும் உண்டு. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு லைன் போட்டால், ஆட்டோகேட் அந்த உயரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது கிடைப்பது சாய்வுத் தூரம். புலப்படத்தில் இருப்பதோ கிடைமட்டத் தூரம். 30 மீட்டர் தூரத்தில் 4 மீட்டர் ஏற்றம் இருந்தால், லைன் காட்டுவது 30.27 மீட்டர். பாலாற்றங்கரைச் சமநிலத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலை அடிவாரத்தில் ஒரே வரப்பில் 27 சென்டிமீட்டர்! அதற்கு ஓஸ்னாப்இசட் என்று ஒரு மாறி இருக்கிறது. அதை 1 ஆக்குங்கள். எலிவேஷன் மதிப்பு பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிமேல் புள்ளியைப் பிடித்தாலும் கோடு தரைமட்டத்திலேயே விழும். புள்ளியின் உயரம் அழியாது. கான்டூர் (சம உயரக் கோடு) வேலைக்கு அது பத்திரமாக இருக்கும்.

ஓஸ்னாப்பில், அதாவது கர்சர் எதைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியலில், நோட் (புள்ளி) மட்டும் ஆன். நியரஸ்ட்டை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் கோடு கல்லைத் தொட்டதுபோல் தெரியும், உண்மையில் தொட்டிருக்காது.

சரி, இனி கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். வேகமாகப் போகலாம்.

[திரையில்: புள்ளி வடிவக் கட்டம்]

புள்ளிகளை இறக்கியதும் திரை காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், அவை வெறும் பொட்டாக இருக்கின்றன. பிடைப் கட்டளையில் வட்டத்துக்குள் கூட்டல்குறி தேர்ந்தெடுத்து, அளவை அப்சல்யூட் யூனிட்டில் 2 வையுங்கள். 1:1000 பிரிண்டில் அது 2 மில்லிமீட்டர். இந்த வடிவம் படம் முழுக்க ஒன்றுதான். எல்லைக்கல்லுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று என்று கேட்டால் கிடைக்காது. அவற்றுக்குத் தனித்தனி பிளாக் (சேமித்து வைத்த குறியீடு) வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து உயரமும் இதே கணக்குதான். 1:1000 படத்தில் 2.5 மில்லிமீட்டர் எழுத்துக்கு 2.5, 1:500 என்றால் 1.25. விட்டுவிட்டு வரும் கோடு முழுக்கோடாகத் தெரிகிறதா? மெட்ரிக் டெம்ப்ளேட்டில் டாஷ் ஒன்று 12.7 யூனிட் நீளம். உங்கள் வரப்போ 30 மீட்டர். டாஷ் அளவை மாற்றும் எல்டிஸ்கேலை 0.2 ஆக்கி, திரையைப் புதுப்பிக்க ரீஜென் கொடுங்கள்.

பிரிண்டுக்குத் தாளை அமைக்கும் லேஅவுட்டில் மட்டும் ஒரு சிக்கல். நாம் வரைந்தது மீட்டரில், தாளோ மில்லிமீட்டரில். அதனால் பட்டியலில் 1:1000 என்று இருப்பதை எடுத்தால் நிலம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். தாளில் படம் தெரியும் சட்டமான வியூபோர்ட்டுக்குள் போய், ஜூம் கொடுத்து, 1எக்ஸ்பி என்று அடியுங்கள். ஒரு மீட்டர் ஒரு மில்லிமீட்டராகும், அதுதான் 1:1000. 1:500 வேண்டுமென்றால் 2எக்ஸ்பி.

[திரையில்: வெள்ளைப் பின்னணி]

திரையின் நிறம் அவரவர் விருப்பம். ஆனால் மே மாத வேலூர் வெயிலில் லேப்டாப்பை வரப்பில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கறுப்புத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே, கலர்ஸ் போய் வெள்ளை ஆக்குங்கள். மஞ்சள் லேயர் இருந்தால் அதன் நிறத்தையும் மாற்றுங்கள், வெள்ளையில் மறைந்துபோகும்.

இப்போது இதையெல்லாம் டெம்ப்ளேட்டாக, டி.டபிள்யூ.டி. ஃபைலாகச் சேமியுங்கள். ஓஸ்னாப் போன்ற சில மட்டும் படத்தோடு போகாமல் கம்ப்யூட்டரோடு தங்கும். வேறு சிஸ்டத்தில் உட்கார்ந்தால் அவற்றை மறுபடி பாருங்கள். ஓஸ்னாப்இசட் மட்டும் எதிலுமே சேமிக்கப்படாது, ஆட்டோகேடைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை 1 ஆக்குங்கள்.

முடிவாக ஒரு சோதனை. களத்தில் இரண்டு கற்களுக்கு இடையே டேப்பை மட்டமாகப் பிடித்து அளந்திருப்பீர்கள் இல்லையா? அதே இரண்டு கற்களுக்குப் போட்ட கோட்டைத் தொட்டு, ப்ராப்பர்ட்டீஸில் நீளத்தைப் பாருங்கள். ஒத்துப்போனால், வரைய ஆரம்பிக்கலாம்.