முதலில் சுவர், அப்புறம் பள்ளம்

நண்பர்களே, வணக்கம்.

நகரத்தின் நடுவில் இலகு ரயிலுக்கு, அதாவது நகருக்குள் ஓடும் டிராம் போன்ற சிறு ரயிலுக்கு, சுரங்க நிலையம் கட்டுகிறார்கள் என்றதும் எல்லோரும் சுரங்கம் குடையும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும், சரி. ஆனால் நிலையம் கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது நிலத்தடி நீர். 'இலகு ரயில்தானே, சின்ன வேலைதானே' என்பவர்களும் உண்டு. ரயில்தான் இலகு. இரண்டு பெட்டி வண்டி நின்றாலும் நடைமேடை, மின்தூக்கி, காற்றோட்ட அறை, தீப்பிடித்தால் தப்பிக்க வழி எல்லாம் வேண்டும்.

வீடு கட்டும்போது பள்ளம் தோண்டிவிட்டுச் சுவர் எழுப்புவோம். இங்கே தலைகீழ். இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. வெறும் பள்ளம் தோண்டினால் அவற்றின் அஸ்திவார மண் உள்ளே சரிந்துவிடும். அதனால் சுவரை முதலிலேயே மண்ணுக்குள் கட்டிவிடுகிறார்கள். இதற்கு டயஃப்ரம் சுவர் என்று பெயர். ஒரு மீட்டர் அளவு தடிமனில், சில மீட்டர் நீளத்துக்கு, ஆழமாக ஒரு பிளவைத் தோண்டுவார்கள். தோண்டும்போதே பெண்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பிக்கொண்டு வருவார்கள். அந்தக் குழம்பின் அழுத்தம்தான் பக்கங்கள் இடியாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, அடிவரை போகும் குழாய் வழியாகக் கான்கிரீட்டை விடுவார்கள். கான்கிரீட் கனம் என்பதால் அது கீழிருந்து ஏற ஏற, கரைசல் மேலே வழிந்து வெளியே வந்துவிடும். ஒரு துண்டு முடிந்ததும் பக்கத்தில் அடுத்த துண்டு. ஒருவர்கூட உள்ளே இறங்கிப் பார்க்காமலே கட்டி முடிகிற சுவர் இது!

பார்க்க முடியாததுதான் ஆபத்தும். ஜெர்மனியின் கொலோன் நகரில் வடக்கு-தெற்கு இலகு ரயில் பாதைக்காக இப்படி ஒரு பள்ளம் தோண்டினார்கள். நிலையத்துக்குக்கூட அல்ல, வண்டி தண்டவாளம் மாறும் இடத்துக்கு. 2009 மார்ச் 3 அன்று பிற்பகல் பக்கத்திலிருந்த நகர ஆவணக் காப்பகம் அப்படியே சரிந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றின் ஏடுகள் இடிபாட்டுக்குள் போயின. காப்பகத்தில் இருந்தவர்கள் எச்சரிக்கை கேட்டு ஓடித் தப்பினார்கள். பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்த காரணம் சின்னதுதான். சுவருக்குத் தோண்டியபோது கல் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. அந்த இடத்தில் கான்கிரீட் போகாமல் மண் தங்கிவிட்டது. பிற்பாடு அந்த ஓட்டை வழியாக நீரும் மணலும் பள்ளத்துக்குள் பாய்ந்துவிட்டன. 2024-லும் அந்தப் பாதை முழுதாக இணைந்து ஓடவில்லை.

சுவர் நின்றபின் செய்வதில் இரண்டு வழி. மேலிருந்து கீழே போவதானால் கூரையை முதலில் போட்டு, சாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் அடியில் தோண்டுவார்கள். கடைக்காரர்களுக்கு நிம்மதி, உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் இருட்டும் நெருக்கடியும். மற்றது, திறந்த பள்ளமாகத் தோண்டி அடியிலிருந்து கட்டிவருவது. வேலை சுலபம். சாலைதான் வருடக்கணக்கில் போய்விடும்.

எப்படிக் கட்டினாலும் கடைசியில் நம் கையில் இருப்பது காலிக் கான்கிரீட் பெட்டி. சுற்றிலும் நிலத்தடி நீர். அப்போது பெட்டி என்ன செய்யும்? கப்பல் மாதிரி மிதக்கப் பார்க்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்காகவே அடித்தளத்தைத் தடிமனாகப் போடுவார்கள், கீழே இழுத்துப் பிடிக்கும் தூண்களையும் இறக்குவார்கள். பெட்டியின் எடை போதும் என்று கணக்கு சொல்லும்வரை, மேலே சாலையில் பேருந்து ஓடினாலும், கீழே தண்ணீர் இறைக்கும் பம்பை யாரும் அணைக்க மாட்டார்கள்.