துளை போடாமல் வைஸ் மாட்ட முடியுமா?

வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பால்கனியில் ஒரு மர மேஜை போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் வேலை, கொசுவலைக்கு அலுமினிய சேனல் அறுப்பது, கத்தி தீட்டுவது, அவ்வளவுதான் வேலை. வேலை செய்கிற பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கருவிதான் வைஸ். அதில் 6 இஞ்ச் வாங்கலாமா, 4 இஞ்ச் போதுமா, திரும்புகிற அடிப்பாகம் வேண்டுமா என்று கேட்கிறார். மேஜை வீட்டுக்காரருடையதாம், அதில் துளை போடக் கூடாதாம்.

சரி, கடைசியில் கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் எந்த வைஸ் என்பதை உங்கள் மேஜைதான் முடிவு செய்யும். ஆடுகிற மேஜையில் 6 இஞ்ச் வைஸ் மாட்டினால், வைஸ் கெட்டியாக நிற்கும், மேஜை அதோடு சேர்ந்து டான்ஸ் ஆடும். அரம் தேய்க்கும்போது நீங்கள் தள்ளுகிற பலத்தில் பாதி மேஜையை அசைப்பதிலேயே போய்விடும்.

நான் முதன்முதலில் வைஸ் மாட்டியது ஒரு பழைய படிப்பு மேஜையில். மேல் பலகை மரத்தூளை அழுத்திச் செய்த போர்டு. அதில் நாலு மர ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் ஹாக்சாவில் ஒரு இரும்புக் கம்பியை அறுக்கும்போது, ஸ்க்ரூக்கள் தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. வைஸ் கீழே விழுந்து டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. கால் விரல் தப்பியது என் அதிர்ஷ்டம். அந்த டைல்ஸ் மேல் இன்றைக்கும் ஒரு கால்மிதி கிடக்கிறது.

அதனால் மர ஸ்க்ரூ வேண்டாம். போல்ட், நட்டுதான். துளை போடக் கூடாத மேஜைக்கு இப்படிச் செய்யுங்கள். 18 எம்எம் பிளைவுட்டில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் இரண்டு துண்டு வாங்கி, பெவிகால் தடவி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிவிடுங்கள். ஒரு இரவு மேலே பாரம் வைத்துக் காயவிட்டால் 36 எம்எம் பலகை கிடைக்கும். வைஸை அந்தப் பலகையில் மாட்டுங்கள். போல்ட்டின் தலை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். தலையும் அகலமான வாஷரும் உள்ளே அமுங்குகிற அளவுக்குக் குழி எடுத்துவிட்டால், பலகை மேஜையில் சமமாக உட்காரும். நட்டு மேலே வரும், லூசானால் ஸ்பேனர் போட்டு முடுக்குவதும் சுலபம்.

பலகையின் முன் விளிம்புக்கு அடியில் ஒரு மரக் கட்டையை ஒட்டி, ஸ்க்ரூவும் போடுங்கள். அது மேஜையின் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சி கிளாம்ப் (C வடிவத்தில் இருக்கிற திருகுப் பிடி) போட்டுப் பலகையை மேஜையோடு இறுக்கினால் போதும். கிளாம்ப்புக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் வீட்டுக்காரர் மேஜையில் தழும்பு விழாது. வேலை முடிந்ததும் பலகையோடு கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிடலாம். மழைச் சாரல் அடிக்கிற பால்கனியில் வைஸை விட்டுவைத்தால் துரு பிடிக்காமல் வேறென்ன ஆகும்?

இங்கே நிறைய பேர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வைஸில் அசையாத தாடை இருக்கிறதல்லவா, அதன் முகம் மேஜை விளிம்பைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியையோ குழாயையோ செங்குத்தாக நிறுத்திப் பிடிக்க முடியும். நாம் அடியில் ஒரு கட்டை வேறு வைத்திருக்கிறோம், அதையும் தாண்டி வரும்படி பார்த்து துளை குறியுங்கள். போல்ட் போட்ட பிறகு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி அரம் தள்ளுங்கள். தள்ளுகிற பலத்தைச் சுவர் வாங்கிக்கொள்ளும். மேஜைக்கு அடியில் தட்டு இருந்தால் பாரத்துக்கு நாலைந்து செங்கல் வைக்கலாம். வைஸை மேஜையின் காலுக்கு நேர் மேலே, ஓரமாக வையுங்கள். நட்டநடுவில் வைத்தால் பலகை துள்ளும்.

உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, வைஸின் தாடை அங்கே இருக்க வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு அது சுமார் 41 இஞ்ச். சாதாரண மேஜை 30 இஞ்ச்தான் இருக்கும். பலகை, வைஸ் எல்லாம் சேர்த்தாலும் 37 பக்கம்தான் வரும். மீதிக்கு மேஜைக் கால்களுக்கு அடியில் குழி எடுத்த மரக்கட்டை வையுங்கள். குனிந்தே அரம் போட்டால் மறுநாள் இடுப்பு பேசும்.

இப்போது வைஸ். 6 இஞ்ச், 4 இஞ்ச் என்பது தாடையின் அகலம். உங்கள் வேலைக்கு 4 இஞ்ச் தாராளம். திரும்புகிற அடிப்பாகம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கூடுதலாக ஒரு இணைப்பு வந்தால் கூடுதலாக ஒரு ஆட்டம். விலை குறைந்ததில் எவ்வளவு முடுக்கினாலும் சுத்தியல் அடிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் பலகையே கழற்றித் திருப்பி வைக்கிற பலகை, பிறகு எதற்கு?

கடையில் பெட்டியோடு வாங்கி வராதீர்கள். பிரித்துப் பாருங்கள். தாடையைப் பாதி திறந்து, முன் தாடையைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், கடகடவென்று ஆடினால் வேண்டாம். அப்புறம் இரண்டு காகிதத் துண்டை எடுத்து, தாடையின் இரண்டு ஓரத்திலும் வைத்து மூடுங்கள். இரண்டையும் இழுங்கள். ஒன்று மாட்டிக்கொண்டு மற்றது வழுக்கி வந்தால் தாடை கோணல். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததைக் கேளுங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கினால் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெரும்பாலான வைஸ் வார்ப்பிரும்பு. அது வளையாது, டப்பென்று உடையும். உடைந்ததை ஒட்டியிருப்பதை நம்பி இறுக்க முடியாது.

அதே காரணத்துக்காகத்தான் கைப்பிடியில் குழாய் சொருகி இறுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். கைப்பிடியின் நீளம் உங்கள் கை பலத்துக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. குழாய் போட்டால் மரை போகும், இல்லையென்றால் வார்ப்பு போகும்.

அலுமினிய சேனலை நேரடியாக வைத்து இறுக்கினால் தாடையின் பல் அப்படியே பதிந்துவிடும். L வடிவ அலுமினிய ஆங்கிளில் இரண்டு துண்டு அறுத்துத் தாடை மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். சேனல் உள்ளே வெற்றிடம்தானே, நசுங்காமல் இருக்க அதற்குள் ஒரு மரத்துண்டும் சொருகுங்கள்.